உன் அக்காவை நான் பார்க்கவில்லை

ஜோயல்,

உன் குருப்பட்ட ஆராதனையின் அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உன் பெயருக்கு முன்னால் புதிதாக அச்சாகியிருந்த ‘அருட்திரு’ என்ற சொல்லை விரலால் தடவிப் பார்த்தேன். உன் அம்மா இருந்திருந்தால் அதைத் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருப்பாள். பிறகு நிகழ்ச்சி வரிசையைப் படித்தேன். பாடல், ஜெபம், வேதவாசிப்பு, அதற்கடுத்து ‘சாட்சி: தந்தை’. நீ போனில் சொன்னதுதான். “அஞ்சு நிமிஷம் பேசுனா போதும்பா. அக்கா விஷயத்த மட்டும் சொல்லு. நான் ஊழியத்துக்கு வந்ததே அதனாலதான்னு எல்லாருக்கும் தெரியணும்” என்றாய். நானும் சரி என்றேன். அந்தச் ‘சரி’யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நேரில் சொல்ல ஒரு முறை வாய்ப்புக் கிடைத்தும் சொல்லாமல் விட்டவன் நான்.

சுற்றி வளைத்தால் கடைசிவரை சொல்லாமலே போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் அக்கா எஸ்தர் இறந்த பிறகு அவளைப் பின்வாசலில் பார்த்ததாகச் சபையில் எழுந்து நின்று சொன்னேனே, அது பொய். நான் அவளைப் பார்க்கவில்லை. இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். எப்போது மனசு வருகிறதோ அப்போது எடுத்து மீதியைப் படி.

அப்போது உனக்குப் பதினொரு வயது. உனக்குத் தெரிந்தது பாதிதான். எஸ்தர் பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்கிறேன் என்றாள். “ஒரு வருஷம் கம்பெனிக்குப் போம்மா, அப்புறம் பாக்கலாம்” என்று சொன்னவன் நான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரகடத்தில் போன் பாகங்கள் கோக்கிற ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு மணி நேரமும் லைனில் நின்றுகொண்டே செய்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டில் வெந்நீரும் உப்பும் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அந்தத் தண்ணீரில் காகிதக் கப்பல் விடுவாய். அந்த ஒரு வருஷம் இரண்டு வருஷமானது. நர்சிங் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம், முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்தபோது ஒரு டிரெய்லர் லாரி அடித்துவிட்டது. மறுநாள் அடக்கம் செய்தோம். பத்தொன்பது வயது.

உன் அம்மா அன்றிலிருந்து சாப்பிடவில்லை. யாராவது கட்டாயப்படுத்தினால் இரண்டு வாய் கஞ்சி குடிப்பாள், அதையும் வாந்தி எடுத்துவிடுவாள். பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒன்பதாம் நாள் காலை நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். நான் வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கேன் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அடுக்களையில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோளில் கேனோடு அப்படியே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “எஸ்தரு வந்துச்சுயா” என்றாள்.

பின்பக்கக் குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். தலை நிமிர்ந்தால் பின்வாசலில் எஸ்தர் நிற்கிறாள். நீல யூனிபார்ம், கழுத்தில் ஐடி கார்டு, ஈரத் தலை. “இப்போ காலு வலிக்கலம்மா” என்றாளாம். அவ்வளவுதான். இவள் குடத்தை வைத்துவிட்டு எழுந்தபோது வாசலில் யாரும் இல்லை. உன் அம்மா எனக்குச் சொன்னது இதுதான், இதற்குமேல் ஒரு சொல் கிடையாது. பின்னால் எத்தனை முறை யார் கேட்டாலும் அவள் இதையேதான் சொன்னாள்.

அவளால் இதை மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மறுநாளே உன் பெரியப்பா வந்தார், அப்போதிருந்த ஆயரும் வந்தார், சபைப் பெரியவர்கள் நான்கு பேர் வந்தார்கள். உன்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். “இன்னாடா இது, பொம்பள பொலம்பிகினு கீது, நீ பாத்துகினு கீற? கூட்டிகினு போயி டாக்டராண்ட காட்டு. இல்ல, மந்திரிக்கணும்” என்றார் உன் பெரியப்பா. ஆயர் அதற்கும் மேலே போனார். “செத்தவங்க வரமாட்டாங்க. வந்துச்சுன்னா அது வேற ஆவி. வூட்டுக்குள்ள வுடக்கூடாது. எண்ணெய் பூசி ஜெபம் பண்ணித் துரத்தணும்” என்றார். உன் அம்மா சுவரோரம் உட்கார்ந்து அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அவர்கள் துரத்தப்போவது அவள் மகளை. அது அவள் கண்ணில் தெரிந்தது. ஒருவர் எண்ணெய்ப் புட்டியைத் திறந்துவிட்டார்.

“நானும் பாத்தேன்” என்றேன்.

எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.  கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. அளந்து பார்க்காத பாகத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டான் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஆயர் என்னை வெகுநேரம் பார்த்தார். எண்ணெய்ப் புட்டியை மூடச் சொன்னார். பிறகு அவர் குரலே மாறிவிட்டது. ரெண்டு பேர் பார்த்திருந்தால் அது சாட்சி, அதை மறைக்கக்கூடாது, நாளைக்கு ஆராதனையில் சொல்லணும் என்றார்.

மறுநாள் சொன்னேன். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் என் பின்னாலேயே வந்தாய். “அக்கா என்ன போட்டிருந்தா?” என்று கேட்டாய். யூனிபார்ம் என்றேன். “என்னப் பத்திக் கேட்டாளாப்பா?” என்றாய். கேட்டாள் என்றேன். “இன்னா கேட்டா?” “தம்பி எங்கன்னு கேட்டா.” நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாய். ஜோயல், அவள் உன்னைக் கேட்கவில்லை. உன் அம்மா சொன்னதில் அது இல்லை. அதை நான் சேர்த்தேன். உன் இறையியல் கல்லூரி விண்ணப்பத்தில் ‘மரித்த என் சகோதரி என்னைத் தேடினாள்’ என்று எழுதியிருந்தாயே, அதை என்னிடம் படித்துக் காட்டிய அன்று, எழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் உன் முன்னால் தலை குனிகிறேன்.

அதன்பிறகு அந்தக் கதை என் கையில் இல்லை. வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் ஆயர் அதைச் சொல்லக் கேட்டேன். ஒன்பதாம் நாள் மூன்றாம் நாளாகியிருந்தது. நீல யூனிபார்ம் வெள்ளை அங்கியாகியிருந்தது. ஐடி கார்டு காணோம். கால் வலியும் காணோம். அதற்குப் பதிலாக எஸ்தர் ஒரு நீளமான வசனத்தைச் சொன்னாள். நடந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. உன் அம்மாவும் நானும் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். எழுந்து நின்று அப்படியில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. எதில் ஆரம்பித்துத் திருத்துவது? எனக்கு மாலை போட்டார்கள். அடுத்த வருஷம் சபைச் செயலாளர் ஆக்கினார்கள்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அந்த வருஷம் முழுக்க, ஷிப்ட் இல்லாத காலைகளில் அதே நேரத்துக்குப் பின்வாசலுக்குப் போய் நிற்பேன். குழாயைத் திறந்துவிட்டு ஒரு குடத்தைக் கழுவுகிற மாதிரி குனிந்து உட்காருவேன். நிமிர்ந்து பார்ப்பேன். துணி காய்கிற கயிறு இருக்கும், பக்கத்து மனையில் கட்டுகிற வாடகை ரூம்களின் சுவர் இருக்கும். எனக்கு அவள் வரவே இல்லை. கம்பெனிக்குப் போகச் சொன்னது நான் என்பதால் வரவில்லையோ என்று நினைப்பேன். ஒரே ஒரு முறை அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றிருந்தது. பார்த்ததாகச் சொன்னவன் பார்க்கக் காத்திருந்தேன். அதை யாரிடம் சொல்லமுடியும்?

உன் அம்மாவிடம் சொல்லவே பதினைந்து வருஷமாயிற்று. போன வருஷம் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அன்னிக்கு எஸ்தரப் பாக்கல” என்றேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“தெரியும்யா. நீ வூட்லயே இல்லியே. தண்ணி கேன் வாங்கப் பூட்ட.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“அத்தினி பேரு நடுவுல என் பக்கத்துல நின்ன ஒரே ஆளு நீ. உன்னப் போய்ப் பொய்யன்னு சொல்லவா?”

 பிறகு, இத்தனை வருஷம் அவளிடம் நான் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டேன். “நீ மெய்யாலும் பாத்தியா?” அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். “இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா உனக்கு?” என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவளை நம்பாமலேதான் அவளுக்காகப் பொய் சொன்னேன் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அது தெரிந்தே என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். “பாத்தேன்யா. இப்போ உன்னப் பாக்குற மாதிரி” என்றாள். அப்புறம், “பையனாண்ட சொல்லிடு. அவன் உன்ன நம்பித்தான் போய்கினு கீறான்” என்றாள். சரி என்றேன். இரண்டு மாதத்தில் அவளும் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்த நீ கல்லூரிக்குத் திரும்புகிற அன்று மதியம் ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடித்தோம். எனக்குக் கிடைத்த வாய்ப்பு அதுதான். நான் ஆரம்பிப்பதற்குள் நீ ஆரம்பித்தாய். “படிக்கப் படிக்க ஒரு மாதிரி இருக்குதுப்பா. சுவிசேஷம் எழுதினவங்க யாரும் கண்ணால பாத்தவங்க இல்லன்னு நெறைய பேரு சொல்றாங்க. நடந்து எத்தினியோ வருஷம் கழிச்சு எழுதினதாம். ஆண்டவரோட கல்லறைக்கு யாரு போனாங்க, எத்தினி பேரு, அங்க யார பாத்தாங்க, எதுவும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல. முதல்ல எழுதினதுல பொம்பளைங்க பயந்து ஓடுறதோட முடிஞ்சிடுதாம், மீதி அப்புறம் சேர்த்ததாம்.” சொல்லிவிட்டு உன் கிளாஸையே பார்த்தாய். “என்கூடப் படிச்சவன் ஒருத்தன் படிப்பையே வுட்டுட்டுப் பூட்டான். எனக்கு அந்தப் பயம் இல்ல. எனக்கு நீ இருக்க. நீ பாத்திருக்க.” உன் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குக் காலையில்தான் அம்மாவின் புடவைகளை மடித்து வைத்திருந்தாய். நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டேன். உன் பஸ் வந்தது.

அதற்குப் பிறகு நான் நான்கு சுவிசேஷங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, கம்பெனியில் செய்கிற மாதிரி ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். யார் போனார்கள், எப்போது, என்ன கேட்டார்கள். நீ சொன்னது சரி, ஒத்துப்போகவில்லை. அது என்னை அதிகம் அசைக்கவில்லை. நம் வீட்டுப் பின்வாசல் கதையே மூன்று வருஷத்தில் என்ன ஆனது என்று பார்த்தவன் நான். என்னை அடித்துப்போட்டது வேறு ஓர் இடம். அவர் உயிர்த்தெழுந்தார் என்று கல்லறையிலிருந்து அந்தப் பெண்கள் வந்து சொன்னதைக் கேட்ட சீடர்கள் அதை வெறும் பிதற்றல் என்று தள்ளிவிட்டார்கள். அந்த அறை எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் ஒருவன், தன் வீட்டுப் பெண்ணை மற்றவர்கள் பைத்தியம் என்று சொல்வதைப் பொறுக்க முடியாமல், ‘நானும் பாத்தேன்’ என்று சொல்லியிருந்தால்?  உன் புத்தகங்களில் யாராவது இதை எழுதியிருக்கிறார்களா, தெரியாது. நான் என்னை வைத்து யோசித்தேன்.

இதற்கு எதிராகவும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் பார்த்தோம் என்று சொன்னதற்காக அந்தச் சீடர்கள் அடி வாங்கினார்கள், செத்தும் போனார்கள் என்கிறார்கள். என் பொய்க்கு எனக்கு மாலை விழுந்தது. ஒருவன் எண்ணெய்ப் புட்டிக்குப் பதிலாகக் கத்தியை நீட்டியிருந்தால் நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பேன். அதனால் அவர்களும் நானும் ஒன்றில்லை என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது ‘மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்’ என்கிற இடம் வந்தால் இத்தனை வருஷமும் என் உதடு மட்டும்தான் அசைந்தது. நீ குருவானவர் ஆகப்போகிறவன், நீதான் இதற்கு எனக்குப் பதில் சொல்லவேண்டும். நான் உனக்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையில், அறிவிப்புகள் முடிந்ததும், நானாக எழுந்து நின்று சொல்லிவிட்டேன். உன் அழைப்பிதழ் வரும்வரை காத்திருந்தால் உன்னிடமும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. “எஸ்தரப் பாத்தது அவங்கம்மா மட்டும்தான். நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னது பொய்” என்றேன். இப்போதைய ஆயர் சின்னப் பையன், என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டு எண்ணைச் சொன்னார். யாரும் பாடவில்லை. செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கேட் அருகே செல்வராணி என்னைப் பிடித்துக்கொண்டாள். உனக்குத் தெரியும், கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள், எஸ்தர் போன அதே ரோட்டில் புருஷனைப் பறிகொடுத்தவள். “இத்தினி வருஷம் நான் எத வெச்சிகினு இருந்தேன்னு தெரியுமாண்ணா உனக்கு? உன் பொண்ணு வந்துச்சு, அப்ப என் வூட்டுக்காரரும் எங்கியோ கீறார்னு நெனச்சிகினு இருந்தேன். பொய்யாவே வுட்டிருக்கக் கூடாதா? யாரு கேட்டா உன்ன?” என்று சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நான் நின்றேன்.  உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை, ஜோயல்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்குப் போய்விட்டது. ஆனாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ துக்க வீடுகளுக்குப் போவாய். ஆறுதலாக ஏதாவது சொல்லச் சொல்லி உன் முகத்தையே பார்ப்பார்கள். அன்பினால் ஒரு சொல்லைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார். நான் உன் அம்மா பக்கத்தில் அப்படி உட்கார்ந்திருக்கலாம். ‘அவ சொல்றா, நான் அவளோட இருக்கேன்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

ஆராதனைக்கு நான் வரலாமா என்பதை நீதான் சொல்லவேண்டும். நிகழ்ச்சியில் என் வரியை அடித்துவிடு. வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வரவேண்டாம் என்றாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன். குருப்பட்டமே வேண்டாம் என்று நீ முடிவெடுத்தால், பாவம் என் மேல், உன் மேல் இல்லை.

இவ்வளவு எழுதி நேற்று மதியம் மடித்து வைத்தபோது செல்வராணி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். “உன் பொண்டாட்டி இன்னா சொன்னாளோ அத அப்டியே சொல்லு. எதுவும் சேக்காத” என்றாள். சொன்னேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“அவ மெய்யாலும் பாத்தாளாண்ணா?”

“எனக்குத் தெரியாதும்மா. பாத்தேன்னு சொன்னா. அவ பொய் சொல்றவ இல்ல.”

ரோட்டைப் பார்த்தாள். இரண்டாம் ஷிப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, “ஞாயித்துக்கெழம சபைக்கு வருவேனான்னு தெரியல” என்றாள். நாலடி போனவள் திரும்பினாள்.

“பையனுக்கு எழுதிட்டியா?”

“எழுதிட்டேன். அனுப்பத்தான் கை வரல.”

“அனுப்புண்ணா. அவன் நாளைக்கு எங்கள மாதிரி ஆளுங்க முன்னாடிதான் நிக்கப் போறான்.”

அனுப்புகிறேன்.

அப்பா